எரியக் கூடாத திரி

விளக்குத் திரிக்கு ஒரே வேலைதான். கீழே இருக்கும் எண்ணெயை உறிஞ்சி மேலே சுடரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நுனி கருகினால் யாரும் கவலைப்படுவதில்லை, தூண்டி விட்டால் போதும். இ-சிகரெட்டுக்குள் இருக்கும் திரிக்கும் அதே உறிஞ்சும் வேலைதான். ஆனால் ஒரு வித்தியாசம்... இந்தத் திரி கருகவே கூடாது! கருகினால் அந்தப் புகை நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

2003ல் சீன மருந்தாளர் ஹான் லிக் உருவாக்கிய கருவியிலிருந்து இன்றைய இ-சிகரெட் வளர்ந்தது. அதில் ஒரு வகை, கம்பிச்சுருளையும் திரியையும் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும் அட்டமைசர். பேட்டரி மின்சாரத்தில் கம்பி சூடாகும், திரியில் ஊறிய திரவம் ஆவியாகும். எந்தத் திரியைப் போடுவது என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் அதிகம் புழங்கியது சிலிக்கா கயிறு. கண்ணாடி இழை போன்றது, தீப்பிடிக்காது. ஆனால் மெதுவாகத்தான் உறிஞ்சும். நுண்ணிய இழைகள் உடைந்து மூச்சோடு உள்ளே போகுமோ என்ற பயமும் உண்டு. அடுத்து எஃகு வலை. இதைச் சுருட்டி, தணலில் பழுக்கக் காய்ச்சி, மேலே ஆக்சைடு படலம் உண்டாக்க வேண்டும். படலம் சரியாகப் படியாவிட்டால் கம்பியும் வலையும் தொட்டு ஷார்ட் சர்க்யூட்தான்!

கடைசியில் ஜெயித்தது சாதாரணப் பஞ்சு. வேகமாக உறிஞ்சும், விலை குறைவு, சுவையைக் கெடுக்காது. மரக்கூழிலிருந்து வரும் ரேயானும் இதன் பங்காளிதான். நனைந்தால் பஞ்சு அளவுக்கு உப்பாது என்பதால் ரேயானைக் கொஞ்சம் இறுக்கமாகத் திணிக்கிறார்கள். பஞ்சை இறுக்கினால் திரவம் ஏறாது, தளர்த்தினால் ஒழுகும்.

திரவத்தையும் பார்க்க வேண்டும். புரொப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது, 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கிளிசரின் கெட்டியானது, கொதிநிலை 290 டிகிரி. கிளிசரின் அதிகமாக இருந்தால் திரிக்குள் மெதுவாகத்தான் நகரும். அடுத்தடுத்து இழுத்தால் திரி காய்ந்துவிடும். திரவம் இருக்கும்வரை அது ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். காய்ந்த இடத்திலோ வெப்பம் எகிறிப் பஞ்சு கருகும். தொண்டையைப் பிடிக்கும் அந்த இழுப்புக்குத்தான் 'ட்ரை ஹிட்' என்று பெயர்.

2015ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 வோல்ட்டில் வந்த ஆவியில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்களைக் கண்டார்கள். 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை. அந்தச் சூட்டில் திரி காய்ந்து கசக்கும், எந்த மனிதனும் அதை இழுக்க மாட்டான் என்று மறுத்தவர்களும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், அளவுமானி வேலையை நாக்கல்லவா பார்க்கிறது?

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. தடை இல்லாத நாடுகளில் திரி பற்றிய பேச்சு தொடர்கிறது. நல்ல திரி கருகலைத் தவிர்க்கும், அவ்வளவுதான். திரவத்தில் இருக்கும் நிகோடினை எந்தப் பஞ்சும் வடிகட்டித் தராது.