சிக்கெடுப்பது வேறு, அடக்குவது வேறு

செந்துறைப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒருநாள் ஒரு தங்கை கழுத்தில் தீக்காயத்தோடு வந்தாள். பி.காம். முடித்தவள். மறுநாள் திருச்சியில் நேர்காணல். இடுப்புவரை நீண்ட சுருட்டை முடி அவளுக்கு. அதைத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் நேராக்கப் பார்த்திருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டோம்.

"நீங்கதானக்கா தலைய அடக்கமா வாரிக்கிட்டுப் போகச் சொன்னீங்க" என்றாள்.

சொன்னோம்தான். பயோடேட்டா எழுதச் சொல்லிக்கொடுத்த கையோடு, "எண்ணெய் வச்சு, படிய வாரி, இறுக்கிப் பின்னிக்கிட்டுப் போ" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். சமூகவியல் படித்தவர்கள், சாதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். அந்தக் காயத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்களுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? நாங்களும் சுருட்டை முடிக்காரிகள்தான். பள்ளியில் காலைப் பிரேயருக்கு நிற்கும்போது "பரட்டைத் தலை" என்று வரிசையைவிட்டு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். "காலனிப் புள்ளைங்கன்னா இப்படித்தான் வரும்" என்று ஒரு ஆசிரியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அழுக்கு, சோம்பல், ஒழுங்கின்மை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ஊர்ப் போக்கிரியின் பெயரே பரட்டை. 2015-இல் 'பிரேமம்' வந்தபோது அனுபமா பரமேஸ்வரனின் சுருள் முடியை நம்மூர்ப் பையன்களும் கொண்டாடினார்கள். முடியைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. எல்லாச் சாதியிலும் சுருட்டை முடி உண்டு. அது யார் தலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அழகா, பரட்டையா என்று பெயர் வைக்கிறார்கள்.

இது நம் ஊரோடு நிற்கிற கதையும் இல்லை. நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் ஒருவரின் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் கீழே விழாமல் நின்றால் அவர் வெள்ளையர் இல்லை. 2016-இல் பிரிட்டோரியாவின் ஒரு பெண்கள் பள்ளியில் முடி பற்றிய விதிகளை எதிர்த்துக் கறுப்பின மாணவிகள் போராடினார்கள். அவர்களின் முகமாக அறியப்பட்ட சுலைகா பட்டேலுக்கு அப்போது 13 வயது. இந்தியாவில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தம், நம் மக்களை வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. முடியை வைத்து மனிதரை அவமானப்படுத்துவது இங்கே நடக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

அந்தத் தங்கையின் காயம் ஆறிய பிறகு, படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து, சுருட்டை முடியை அதன் போக்கிலேயே எப்படிப் பராமரிப்பது என்று கற்றுக்கொண்டோம். செய்து பார்த்ததைச் சொல்கிறோம்.

முதலில் ஒன்று புரிந்தது. நேர் முடியில் தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் நுனிவரை எளிதாக இறங்கும். சுருட்டை முடியில் வளைவுகளைத் தாண்டி இறங்க முடியாது. அதனால் நுனி காய்ந்து கிடக்கும். காய்ந்த முடியில் சீப்புப் போட்டால் சுருள்கள் கலைந்து பஞ்சு மாதிரி பறக்கும். பரட்டை என்று அவர்கள் திட்டியது அழுக்கை அல்ல, வறட்சியை.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் அதை இன்னும் கெடுக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததே அதற்காகத்தான். காலனியின் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கும். கடைசி அலசலுக்காவது பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ, காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த தண்ணீரோ இருந்தால் நல்லது.

அலசும்போது அரப்போ ஷாம்புவோ தலைத்தோலுக்கு மட்டும் போதும். நீளத்தைக் கசக்க வேண்டாம், வழியும் நுரையே அதைச் சுத்தம் செய்துவிடும். பிறகு ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையோ கற்றாழைச் சோற்றையோ நுனிவரை தடவி, முடி வழுவழுப்பாக இருக்கும்போதே சிக்கெடுக்க வேண்டும். நான்கு பாகமாகப் பிரித்து, முதலில் விரலால், பிறகு பல் அகன்ற சீப்பால். எப்போதும் நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே ஒரே முடிச்சாக இறுகிவிடும்.

அலசிய பிறகு சுருள் நிற்க ஆளி விதை போதும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கால் டம்ளர் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும், ஆறினால் இறங்காது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

இதைத் தண்ணீர் சொட்டும் முடியில்தான் பூச வேண்டும். பூசியதும் நுனியை உள்ளங்கையில் ஏந்தி, தலையை நோக்கி மெல்ல அமுக்கி விட்டால் சுருள் தானாகக் கூடும். நீள முடியில் மேற்பகுதி அதன் கனத்தாலேயே இழுபட்டுத் தட்டையாகும். அங்கே மட்டும் சிறு சிறு கற்றையாக விரலில் சுற்றி விடலாம். துவட்டத் துண்டு வேண்டாம். பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுத்தால் போதும். காயும்வரை கை வைக்கக் கூடாது. காய்ந்தபின் மொறுமொறுவென்று இருந்தால் கையால் லேசாகக் கசக்கினால் இளகிவிடும். இரவில் தளர்வாகப் பின்னிக்கொண்டு படுத்தால் மறுநாள் சிக்கு குறையும்.

அன்றைக்கு அந்தத் தங்கையின் முடி காய்ந்து முடிந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த அவள் ஆயா, "எங்கம்மாவுக்கு இப்படித்தான் இருக்கும், ஆத்து மணலாட்டம்" என்றார். சங்கப் புலவர்கள் கூந்தலுக்குச் சொன்ன உவமையும் அதுதான். ஓடும் நீர் மணலில் வரைந்துவிட்டுப் போகும் அறல். அதைப் பார்க்கக் கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றும்போது இறங்கி நின்றால் போதும்.

எல்லோரும் நீளமாக வளர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளலாம் என்று பெரியார் சொன்னார். வளர்ப்பதும் வெட்டுவதும், விரும்பினால் நேராக்குவதும் அவரவர் உரிமை. பயத்தில் செய்யக் கூடாது என்பதுதான் எங்கள் கட்சி.

அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த நேர்காணலுக்குச் சுருளை விரித்தபடியே போனாள், அதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவதாகப் பெரம்பலூரில் ஒரு அலுவலகத்தில் கிடைத்தது. முடி எங்கேயும் வேலை வாங்கித் தராது, தோழர்களே. ஆனால் கழுத்தில் காயமில்லாமல் அந்த நாற்காலியில் போய் உட்கார அவளுக்கு உரிமை இருந்தது. அதைப் பறித்ததில் நாங்களும் ஒரு கை.

நேர்காணல் பயிற்சியில் இப்போது தலையைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதில்லை. யாராவது, "அக்கா, முடிய என்ன பண்றது?" என்று கேட்டால், "உனக்கு எப்படிப் பிடிக்கும்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறோம்.

ஜெய் பீம்!