தண்ணி காட்டும் கம்ப்யூட்டர்!

முதல்லயே போட்டு உடைச்சிடறேன் பாஸ்... தண்ணீர் உங்கள் கம்ப்யூட்டரைக் குளிர வைக்காது. நெசமாத்தான்! ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லுனு ஆயிடும்னு நம்பி உண்டியலை உடைக்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க.

தண்ணீர் பார்ப்பது சுத்தமான கூரியர் வேலை. பிராசஸரிடமும் கிராஃபிக்ஸ் கார்டிடமும் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் டெலிவரி செய்யும். ரேடியேட்டர் அதை ஃபேன் காற்றில் கரைத்துவிடும். அந்தக் காற்று எங்கேயிருந்து வருது? உங்க ரூம்ல இருந்துதான். மே மாதச் சென்னையில் உங்கள் அறை 35 டிகிரி என்றால், எவ்வளவு காஸ்ட்லியான ரேடியேட்டரைப் போட்டாலும் தண்ணீர் 35-க்குக் கீழே இறங்காது.

அப்புறம் எதுக்கு இந்த வம்பு? ஒரு டம்ளர் தண்ணீர் தாங்குகிற சூட்டை காற்று தாங்கணும்னா, அதே மாதிரி மூவாயிரத்துச் சொச்சம் டம்ளர் காற்று வேணும். அதனால் குட்டிச் சில்லிலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய் பெரிய ரேடியேட்டரில் பரப்பிவிட முடிகிறது. இடம் பெருசானால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சத்தம் இல்லை. எனக்கு வேண்டியதும் அந்தச் சத்தமில்லாமைதான்.

எங்கள் வீட்டில் ஒரே ரூம். நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். ராத்திரி 12 மணிக்கு ரெண்டர் போட்டால் பழைய பெட்டி மிக்ஸி மாதிரி கத்தும். மூன்றடி தள்ளிப் படுத்திருக்கும் அம்மா நாலரைக்கு எழுந்து டிபன் கடைக்கு மாவாட்டப் போகணும். ரெண்டு முகூர்த்த சீசனில் சேர்த்த பணத்தை இதில் போடப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா, தண்ணியையும் கரண்டையும் ஒரே பொட்டியில வைக்கப்போறியா?"

நியாயமான கேள்வி. ஒரு சொட்டு தப்பான இடத்தில் விழுந்தால் பெட்டியும் போச்சு, பிழைப்பும் போச்சு. அதனால் நான் பார்ட்ஸ் தேர்ந்தெடுத்தது எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். (கேமில் நாலு ஃபிரேம் கூடுமே என்பதற்காக இதில் இறங்குகிறவர்களுக்கு... வேண்டாம் மக்கா! நல்ல ஏர் கூலர் ஒண்ணை மாட்டிட்டு மிச்சக் காசுல ஊட்டி போயிட்டு வாங்க.)

எல்லாரும் முதலில் கேட்பது கலர் லைட்டும் கண்ணாடி ட்யூபும். நான் முதலில் தேடியது கிராஃபிக்ஸ் கார்டுக்கான வாட்டர் பிளாக். காரணம் சொல்றேன். பிராசஸர் பிளாக் பெரும்பாலும் சாக்கெட்டுக்கு ஏற்ற கிளாம்ப் இருந்தால் உட்கார்ந்துவிடும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு பிளாக் அந்தந்த போர்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரே சிப், ரெண்டு கம்பெனி கார்டு என்றால் ஸ்க்ரூ துளையும் சில்லுகளின் இடமும் மாறிவிடும். கார்டை வாங்கிவிட்டு பிளாக் தேடினால் கிடைக்காமலே போகலாம். பிளாக் கிடைக்கிற கார்டாகப் பார்த்து வாங்குங்க. இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

அடுத்து சூட்டுக் கணக்கு. என் லிஸ்ட்டில் ரைஸன் 7 7700எக்ஸ், முழு வேகத்தில் 142 வாட். ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ, 285 வாட். மொத்தம் 427. மெதுவான ஃபேனோடு ஒரு 120 மி.மீ. துண்டு ரேடியேட்டர் ஏறக்குறைய 100 வாட்டைச் சமாளிக்கும், தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கும் என்பது நான் போட்டுக்கொண்ட தோராயக் கணக்கு. எனக்கு நாலு துண்டுக்கு மேல வேணும். அதனால் மூன்று துண்டு உள்ள ஒரு 360, ரெண்டு துண்டு உள்ள ஒரு 240. அறை 34 என்றால் தண்ணீர் 44-ஐ ஒட்டி நிற்கும். ஏ.சி. ரூம்காரர்களுக்கு ஒரு துண்டு குறைந்தாலும் ஓடிடும்... கொடுத்துவைத்தவர்கள்!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் "அண்ணே, 360 ரேடியேட்டர் இருக்கா?" என்றேன். "எந்த காருக்குத் தம்பி? ஜி.பி. ரோடு போங்க" என்றார். சிரிக்காதீங்க, அவர் சொன்னதில் சரித்திரம் இருக்கு. 2000-களின் தொடக்கத்தில் வெளிநாட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள், பழைய கார்களின் ஹீட்டரில் இருக்கும் குட்டி ரேடியேட்டரைக் கழற்றி, மீன் தொட்டி பம்ப்பை மாட்டித்தான் ஓட்டினார்கள்.

இப்போ கெமிஸ்ட்ரி! முதல் வருட எஞ்சினியரிங்கில் கால்வனிக் அரிப்பு என்று ஒரு பாடம் நடத்தினாங்களே, தூங்கிட்டீங்களா? செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அந்தக் கசடு பிளாக்கின் முடி மாதிரி மெல்லிய செம்பு இடுக்குகளில் போய் அடைக்கும். கடையில் விலை குறைவாக ஒரு ரேடியேட்டர் கிடைத்தால் அது எந்த உலோகம் என்று கேளுங்கள். அலுமினியம் என்றாலோ, கடைக்காரர் தலையைச் சொறிந்தாலோ, அப்படியே வெச்சிட்டு வந்துடுங்க. செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு... இந்தக் குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப்பில் ரெண்டு பேர்தான் பிரபலம். டி5, டிடிசி. டிடிசி குட்டி, அழுத்தம் அதிகம். டி5 கொஞ்சம் குண்டு, ஆனால் சத்தம் குறைவு, தானும் அவ்வளவாகச் சூடாகாது. எனக்கு டி5. எந்த பம்ப் ஆனாலும் ஒரு நொடிகூட வெறுமனே ஓட விடக்கூடாது. அதன் பேரிங்குக்கு எண்ணெயே அந்தத் தண்ணீர்தான். அதனால் தண்ணீர்த் தொட்டி பம்ப்புக்கு முன்னாடி, அதைவிட உயரத்தில் இருக்கணும். மற்றபடி எது முன்னே எது பின்னே என்று மண்டையை உடைச்சுக்க வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 427 வாட்டையும் வாங்கிக்கொண்ட பிறகுகூட தண்ணீர் சூடாவது ஒன்றரை டிகிரிதான். வேணும்னா கால்குலேட்டரை எடுத்துப் பாருங்க.

ட்யூப் விஷயத்தில்தான் நண்பர்கள் என்னைக் கலாய்த்தார்கள். நான் வாங்கியது கறுப்பு ரப்பர் ட்யூப், ஈபிடிஎம் ரகம். "மச்சி, உள்ள தண்ணி ஓடுறதே தெரியலையே, அப்புறம் எதுக்குடா வாட்டர் கூலிங்?" கண்ணாடி போல இருக்கும் பிவிசி ட்யூபில், அதை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் மெல்லத் தண்ணீரில் இறங்கும். ட்யூப் மங்கும், பிளாக் அடைக்கும். வளைத்து மாட்டும் கெட்டி ட்யூப் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் பெட்ஜி ரகம் பம்ப் நின்றுபோய் தண்ணீர் 60-ஐத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். ரப்பர் அழகில்லைதான். ஆனா நைட்டு நிம்மதியா தூங்கலாமே!

பட்ஜெட்டில் நிஜமான ஆப்பு ஃபிட்டிங்ஸ்தான். ரெண்டு பிளாக், ரெண்டு ரேடியேட்டர், ஒரு பம்ப்-தொட்டி... ஒவ்வொன்றுக்கும் ரெண்டு என்று எண்ணினால் பத்து. வளைவு, வடிகால் வால்வு எல்லாம் தனி. ஒவ்வொன்றும் ஒரு பிரியாணி விலைக்கு மேல! மரை எல்லாவற்றுக்கும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான். ஆனால் ட்யூப் 10/16 என்றால் ஃபிட்டிங்கும் 10/16. உள்விட்டம், வெளிவிட்டம் ரெண்டையும் பாருங்க. இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள், ஒழுகினால் பெரும்பாலும் இங்கேதான் ஒழுகும். வடிகால் வால்வையும் லிஸ்ட்டிலிருந்து தூக்கிடாதீங்க. அது இல்லாமல் தண்ணீர் மாற்றுவது என்றால் பெட்டியைத் தலைகீழாகப் பிடிக்கணும்.

தண்ணீர்? போர் தண்ணீர் பக்கெட்டில் படிய வைக்கிற வெள்ளை உப்பைப் பார்த்திருப்பீங்க. அதேதான் பிளாக்கிலும் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து, அல்லது ரெடியாகக் கலந்து வரும் திரவம், ரெண்டில் ஒன்று. "கரண்ட் கடத்தாது" என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். சுற்றச் சுற்ற உலோகத் துகள் சேர்ந்து கடத்த ஆரம்பித்துவிடும்.

எல்லாம் மாட்டினதும் கடைசியாக வாங்கவேண்டியது ஒரு ஜம்பர் ப்ளக்கும் ஒரு டிஷ்யூ ரோலும். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரை மதர்போர்டில் சொருகாமல் ஜம்பரில் மாட்டுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு கேபிளும் கழன்றே கிடக்கட்டும். கரண்ட் பம்ப்புக்கு மட்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ வைத்து 24 மணி நேரம் ஓட விடுங்கள். நான் மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தேன், அம்மா ரெண்டு தடவை எழுந்து பார்த்தார். டிஷ்யூ காய்ந்தே இருந்தால் ஜம்பரைக் கழற்றிட்டு மதர்போர்டுக்கு கரண்ட் கொடுங்க. அதுக்கு முன்னாடி கூடாது, ஃப்ரெண்ட்ஸ் எவ்வளவு கெஞ்சினாலும்!