நாலு விநாடி அக்கா

"என்னம்மா இது, பிஸ்கட் டப்பாவில் ஊறுகாயா போட்டு வச்சிருக்கே? வினிகர் வாடை தூக்குதே!" என்றாள் என் மகள், பரணிலிருந்து இறங்கியபடியே.

டப்பாவில் இருந்தது ஊறுகாய் அல்ல. ஐந்து ஃபிலிம் சுருள்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமா 1974-ல் லீவில் புதுச்சேரிக்கு வந்தபோது சூப்பர் 8 கேமராவில் எடுத்தவை. எங்கள் தெருவில் அவரைச் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். ஒரு சுருள் ஐம்பது அடி. ஓடினால் மூன்று நிமிஷம் சொச்சம்.

மறு லீவில் வந்தபோது, சுவரில் வேட்டியைக் கட்டி அதில் படம் போட்டுக் காட்டினார். பாதியில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதோடு டப்பா பரணுக்குப் போனது.

என் மகளுக்குப் பழைய படத் துண்டுகளை ஒட்டிக் குறும்படம் செய்வதில் ஆசை. சுருள்களை ஸ்கேன் செய்து வாங்கி, ஐந்து நிமிஷப் படமாக்கிக் காட்டினாள். திண்ணை, முறத்தில் அரிசி புடைக்கும் பாட்டி, கடற்கரைக் காந்தி சிலை... எல்லாம் ஜோர்தான். ஆனால் நான் தேடியது இல்லை.

"சிலைகிட்டே ஒரு பொண்ணு ஓடுமே, அது எங்கேடி?"

"அதுவா? நாலே செகண்டும்மா. ஒரே மங்கல். வெட்டிட்டேன்."

அவள் என் அக்கா. அடுத்த வருஷமே, ஏழு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மா கடைசிவரை அவள் பேச்சை எடுத்ததில்லை. நானும் மகளிடம் சொன்னதில்லை. பிறகு அவள்மேல் கோபித்து என்ன பிரயோஜனம்?

அன்று ராத்திரி, எப்போதோ படித்த ஏ.கே. செட்டியார் ஞாபகம் வந்தது. 1937-ல் கப்பல் பிரயாணத்தில் அவருக்குக் காந்திஜியைப் பற்றிப் படம் செய்யும் எண்ணம் உதித்ததாம். யார் யாரோ எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேசம் தேசமாக அலைந்து சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. 1940-ல் தமிழில் வெளிவந்த படம் சுமார் 12,000 அடி. அந்தப் படமும் பிற்பாடு காணாமல் போயிற்று. 1953-ல் அமெரிக்காவில் தயாரான ஆங்கிலச் சுருக்கத்தைத்தான், வெகு காலம் கழித்து, ஆ. இரா. வேங்கடாசலபதி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்.

வெட்டாமல் படம் இல்லை. ஆனால் வெட்டுகிறவருக்கு இன்னார் இன்னார் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா? தவறு என்னுடையதுதான்.

நல்லவேளை, அவள் வெட்டியது நகலை. முழு ஸ்கேன் பத்திரமாக இருந்தது. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். "பெரியம்மா பேர் என்னம்மா?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னேன், குரல் கம்மிவிட்டது.

இப்போது படம் அந்த நாலு விநாடியில்தான் முடிகிறது. மங்கல்தான். ஆனாலும் அக்கா திரும்பிப் பார்த்துச் சிரிப்பது தெரிகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிச் சுருள் இருக்கலாம். வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வையுங்கள். சூடும் ஈரமும் ஆகாது. ஆசைப்பட்டு ப்ரொஜக்டரில் ஓட்டாதீர்கள், அறுந்து போகும். முதலில் முழுசாக நகல் எடுங்கள். அதற்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.