பிறப்புச் சான்றிதழ் இல்லாத கார்

1999 ஆம் ஆண்டு லண்டனின் தெற்குப் புறத்தில் ஒரு சின்ன அறையில் வாடகைக்கு இருந்தேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. வேலை செய்யவும் அனுமதி இல்லை. ஊரில் பத்து வருடம் கராஜில் வேலை செய்தவன் என்று சொல்ல வாய் இருந்தது; காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய கராஜுக்குள் ஒரு கார் பாதி உடம்போடு நின்றது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த என்னை, "உள்ளே வந்து பாரும்" என்று கூப்பிட்டார்.

அது 'கோப்ரா' என்ற பந்தயக் காரின் நகல். அசலின் கதையைத் தேநீரோடு சொன்னார். தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கம்பனி 1953 இல் 'ஏஸ்' என்ற இலேசான காரை வெளியிட்டது. அதற்குக் கிடைத்துவந்த பிரிஸ்டல் எஞ்சின் 1961 இல் நின்றுபோனது. இருதய நோயால் 1960 இல் பந்தயத்தை விட்டிருந்த அமெரிக்கர் கரோல் ஷெல்பி, அந்தக் காரில் அமெரிக்க எஞ்சினைப் பூட்டலாமா என்று ஏ.சி. கம்பனிக்குக் கடிதம் எழுதினார். ஃபோர்ட் கம்பனி வி-8 எஞ்சின் கொடுக்க, 1962 இல் கோப்ரா பிறந்தது. அறுபதுகளில் செய்யப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம்தான். இன்று அசலின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால்தான் கண்ணாடியிழை உடம்பை வாங்கி, பழைய கார்களின் எஞ்சினையும் அச்சையும் பூட்டி, ஆசைப்பட்டவர்கள் வீட்டிலேயே நகல் செய்கிறார்கள்.

அவர் வாங்கியிருந்தது ஒரு பழைய ரோவர் வி-8 எஞ்சின். அது சீராக ஓடவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரையும் ஏ-40 ஐயும் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கை இது. கூலி இல்லாமல் காபுரேற்றரைக் கழற்றிச் சுத்தம்பண்ணிப் பூட்டினேன். எஞ்சின் ஒரே சீராக உறுமியது. அன்றைக்குத்தான், இங்கே வந்தபிறகு முதன்முறையாக, நானும் ஒரு வேலைக்காரன் என்ற எண்ணம் வந்தது.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது. 1998 இலிருந்து இப்படி வீட்டில் கட்டும் கார்களைத் தனித்தனியே சோதித்த பிறகே வீதிக்கு விட்டார்கள். பிரேக், விளக்கு, ஆசனப்பட்டி, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். தெருவில் போகிறவர்மீது பட்டால் வெட்டக்கூடிய கூரான விளிம்பு வெளியே இருக்கக்கூடாது. எங்கள் கார் முதல்முறை தோற்றது. சில ஆணி முனைகளும் ஒரு தகட்டு விளிம்பும் கூராக இருந்தன. நான் சோர்ந்துபோனேன். அவரோ பிழைகள் எழுதிய தாளைக் காட்டி, "என்ன செய்யவேண்டும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள், பிறகென்ன?" என்றார். ஆணிகளுக்கு மூடி போட்டோம், விளிம்புக்கு இறப்பர் பட்டி போட்டோம். இரண்டாம் முறை தேறியது.

இலக்கத் தகடு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கியது. பாகங்களின் வயதையும் மூலத்தையும் நிரூபிக்க முடியாத வாகனத்துக்கு 1983 இலிருந்து கொடுக்கும் எழுத்து அது. எங்கே, எப்போது பிறந்தது என்று காட்ட முடியாவிட்டாலும், பாதுகாப்பானது என்று தெரிந்தால் வீதியில் ஓட இடமுண்டு. அந்தத் தகட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் எனக்கு வேலை அனுமதி வந்தது. போன கராஜில் எல்லாம் சான்றிதழ் கேட்டார்கள். அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார்: இந்த மனிதர் என் எஞ்சினைத் திருத்தினார், வந்து ஓடிப் பாருங்கள் என்று. ஒரு முதலாளி உண்மையிலேயே வந்து ஓடிப் பார்த்தார். மறுநாள் எனக்கு வேலை.

2009 இல் அந்தச் சோதனை மாறி, இன்னும் விரிவான புதிய சோதனை வந்துவிட்டது. ஆனால் புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்கு நான் சொல்வது மாறவில்லை. கையில் உள்ள ரசீது, கடிதம், படம் எதையும் எறியாதீர்கள். கடதாசி இல்லாவிட்டாலும் ஒடுங்கி இருக்காதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட ஒருவர் இருந்தால், அவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். ஒருமுறை தோற்றால், ஏன் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.