மிதிவண்டியும் தோட்டச் சாலையும்

சிரம்பானிலிருந்து ரந்தாவ் செல்லும் நெடுஞ்சாலை பொதுமக்களுக்கு உரியது. அதனின்று பிரிந்து ரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் இடையே புகும் செம்மண் சாலைகளோ பெரும்பாலும் தோட்டங்களுக்கு உரியவை. இரண்டையும் பிரிப்பது ஒரு கம்பிக் கதவு. அக்கதவுக்கு அப்பால் மனிதனின் உரிமை எத்துணைத் தொலைவு செல்லும் என்னும் வினா பழமையானது.

1941ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 காசு கூலி பெற்றான். அதில் மிச்சம் பிடித்து மிதிவண்டி வாங்குதல் எளிதன்று. அரிதின் வாங்கிய அவ்வண்டியில் வருங்கால், எதிரே துரையோ கிராணியோ தென்பட்டால் அவன் இறங்கி நிற்றல் வேண்டும். சாலை துரையினுடையது, எனவே அதில் நிமிர்ந்து செல்லும் உரிமையும் துரையினுடையதே என்பது அந்நாளைய வழக்கம்.

அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துள் வந்து செல்லல், பேசவும் கூடவும் உரிமை, கள்ளுக்கடைகளை மூடுதல், இவற்றோடு மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் என்பதும் கோரிக்கையாயிற்று. கூலியோடு மிதிவண்டியையும் சேர்த்ததைக் கண்டு நகைப்பவர் லயத்து வாழ்வை அறியாதவரே. போராட்டம் நெகிரி செம்பிலானுக்கும் பரவலாயிற்று. மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1957இல் கூட்டரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் விதி குடிமக்களுக்கு நாடெங்கும் நடமாடும் உரிமையையும், 10ஆம் விதி பேசவும் அமைதியாகக் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமையையும், சில வரம்புகளுக்கு உட்பட்டு, வழங்கின. குடியுரிமை பெறாத தோட்டத்து மக்களுக்கு இவ்வுரிமைகள் எட்டவில்லை என்பது தனித் துயரம். பெற்றவர்க்கும் ஒரு சிக்கல் இருந்தது. அவ்வுரிமைகள் அரசை நோக்கிக் கேட்கத்தக்கவை. நில உடைமையாளரை நோக்கியவை அல்ல. விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் இதனைத் தெளிவாகவே கூறிற்று: உரிமையை மீறியவர் தனியாராயின் அரசியலமைப்பு துணைக்கு வாராது. உடைமையைக் காக்கும் 13ஆம் விதியோ அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி நிற்கின்றது.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் தனியார் நிலத்தில் நிற்கின்றன. வகுப்பறையில் மாணவர் 10ஆம் விதியைப் படிக்கின்றனர். ஆண்டு விழாவுக்கு வரும் பழைய மாணவர், தாம் பிறந்த தோட்டமேயாயினும், கதவருகே பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிவிட்டே உள்ளே செல்லும் இடங்கள் உண்டு. யாரைக் காண வந்தீர் என்று காவலர் கேட்கின்றார். பள்ளியை என்கின்றனர் அவர்கள்.