தொண்டை கமறும் எண்ணெய்

ஸிஸிலித் தீவில் திராப்பனி துறைமுகத்துக்கு மேலே, மலையுச்சியில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது எரீச்சே என்ற சிற்றூர். கல் பாவிய சந்துகள்; கீழே உப்பளங்கள்; அப்பால் நீலக் கடல்.

1999-இல் அங்கே சமையல் விஞ்ஞான மாநாடு ஒன்று கூடிற்று. வந்திருந்த அமெரிக்க விஞ்ஞானி காரி பீச்சம், புது ஆலிவ் எண்ணெயை ருசி பார்த்தார். சுரீரென்று தொண்டை கமறிற்று! நாமாயிருந்தால் "காறல் எண்ணெய்!" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றிருப்போம். அவருக்கோ, தாம் முன்பு ருசி பார்த்துச் சோதித்த ஐபுப்ரொஃபென் என்ற வலி மருந்து நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் கமறும்.

பிறகு அவரும் சகாக்களும் சோதனைச்சாலையில் எண்ணெயை அலசி, கமறச் செய்யும் பொருளைப் பிரித்தார்கள். அதையே செயற்கையாகத் தயாரித்து, சாதுவான மக்காச்சோள எண்ணெயில் கலந்தார்கள், அதுவும் கமறிற்று! 2005-இல் 'ஓலியோகாந்தால்' என்று அதற்கு நாமகரணம் ஆயிற்று. எண்ணெய் காறாமல் காக்கும் பாலிஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

"அப்படியானால் வலி மாத்திரை வேண்டாமே?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! தினம் 50 கிராம் எண்ணெய் உண்டாலும் மாத்திரை அளவில் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பாட்டில் வெளிச்சத்தில் நின்றாலோ, நாட்பட்டாலோ அதுவும் குறைந்துபோகும்.