பின் சீட்டிலிருந்து மூன்று பைக்குகள்

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் வரும் மூன்று பைக்கில் ஒன்றைக்கூட நான் ஓட்டியதில்லை. ஓட்டவும் விட மாட்டார்கள். நான் ஓட்டுவதெல்லாம் அப்பாவின் பழைய ஸ்பிளெண்டர், அதுவும் பாளையங்கோட்டை வீட்டிலிருந்து காலேஜ் வரைக்கும். ஆனால் மூன்றிலும் பின் சீட்டில் உட்கார்ந்து மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன். பைக் வெறியர்கள் திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகத் திட்டவும் :)

2024 டிசம்பர். செமஸ்டர் லீவு. மஸ்கட்டில் இருக்கும் மாமா (அம்மாவின் தம்பி) டிக்கெட் போட்டு அனுப்பி, "கெளம்பி வா மாப்ள"ன்னார். அங்கே 22 வருஷமாக இருக்கிறார். அடுத்த மார்ச்சோடு வேலை முடிந்து ஊருக்கே திரும்பப் போகிறார். அதற்கு முன்னால் நான் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டுமாம். என்ன பாசம் என்று நெகிழ்ந்து போய்க் கிளம்பினேன். காரணம் வேறு என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மாமாவிடம் ஒரு கோல்டுவிங் உண்டு. 2008 மாடல், மூன்றாவது கை. அங்கே வெள்ளி, சனி லீவு. வெள்ளிக்கிழமை விடிகாலை நாலைந்து பேர் சேர்ந்து பைக்கில் கிளம்புவார்கள். ஒரு மலையாளி சேட்டனிடம் பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடிஎல். மாமா கம்பெனியில் சீனியரான ஓர் ஓமானி பெரியவரிடம் ஹார்லி டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடு. மூன்றுமே நீண்ட தூரம், இரண்டு பேர், மூட்டை முடிச்சு என்று போவதற்காகவே செய்யப்பட்ட வண்டிகள். மாமா போட்ட திட்டம் வாரத்துக்கு ஒரு வண்டி. கையில் ஒரு நோட்டும் கொடுத்தார். "இடுப்பு எப்ப வலிச்சுது, எப்ப தூக்கம் வந்துது, எங்க பயந்த... எல்லாம் எழுதி வைக்கணும், பாத்துக்க."

பி.காம் படிக்கிறவனிடம் நோட்டைக் கொடுத்தால் என்ன செய்வான்? கட்டம் போட்டேன். சீட், காற்று, சூடு, சத்தம், பயம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

முதல் வாரம்: கோல்டுவிங், நிஸ்வா

மஸ்கட்டிலிருந்து நிஸ்வாவுக்கு சுமார் 160 கிலோமீட்டர். ஹஜர் மலைகளுக்கு நடுவே சமாயில் கணவாய் வழியாகப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் ஒரு புல்கூட இல்லாத பழுப்பு மலைகள். ரோடோ நம்ம வீட்டு மொசைக் தரை மாதிரி.

கோல்டுவிங்கின் பின் சீட்டை சீட் என்று சொல்வதே தப்பு. சோபா. முதுகுக்குச் சாய்மானம், கைக்குத் திண்டு, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். 1832 சிசி, ஆறு சிலிண்டர். மூன்று சிலிண்டர் இந்தப் பக்கமும் மூன்று அந்தப் பக்கமுமாகப் படுத்துக் கிடக்கும். எதிரெதிராகப் போய் வரும் பிஸ்டன்கள் ஒன்றின் அதிர்வை ஒன்று சாப்பிட்டுவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் மூவாயிரம் சுற்றுக்கும் கீழேதான் சுற்றுகிறது. அரை மணி நேரத்தில் நான் தூங்கிவிட்டேன். நிஜமாகவே. இன்டர்காமில் மாமா கத்தி எழுப்பினார்.

இந்த வண்டியின் கதையும் சுவாரஸ்யம். 1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா இதன் மூதாதையான ஜிஎல் 1000ஐக் காட்டியது. நாலு சிலிண்டர், 999 சிசி. அதில் காற்றுத் தடுப்போ பெட்டிகளோ கிடையாது. வாங்கியவர்கள்தான் வெளிக் கடைகளில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து 1980இல் கம்பெனியே எல்லாவற்றையும் மாட்டி விற்க ஆரம்பித்தது. 1988இல் ஆறு சிலிண்டர் வந்தது. மாமாவின் வண்டி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் செய்தது (2009 வரை அங்கேதான் செய்தார்கள்). ஜப்பான் கம்பெனி, அமெரிக்கத் தயாரிப்பு, ஓமான் ரோடு, ஓட்டுவது திருநெல்வேலிக்காரர். உலகமயமாக்கலுக்கு எங்கள் பாடப் புத்தகத்தில்கூட இப்படி ஒரு உதாரணம் இல்லை.

கோணங்கித்தனங்களும் உண்டு. முன்னால் பெட்ரோல் டேங்க் மாதிரி இருப்பது டேங்க் இல்லை, சும்மா மூடி. நிஜ டேங்க் சீட்டுக்கு அடியில். கனம் கீழே இருக்கட்டும் என்றுதான் அப்படி. இன்னொன்று... ரிவர்ஸ்! பைக்குக்கு ரிவர்ஸ்! நியூட்ரலில் போட்டு, ரிவர்ஸ் பட்டனை அமுக்கிவிட்டு ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை 'ஊய்ங்ங்' என்று பின்னால் இழுக்கும். நிஸ்வா கோட்டை பக்கத்தில் மாமா அதைச் செய்து காட்டியபோது, வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்த பையன்கள் எல்லாம் ஆட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

எனக்கு அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு பைக்குக்கு ரிவர்ஸ் எதற்குத் தேவைப்படுகிறது என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது வாரம்: எலெக்ட்ரா கிளைடு, சோஹார்

ஓமானி பெரியவருக்கு வயது அறுபதுக்கு மேல். எங்கே நின்றாலும் பெட்டியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, சின்னக் கிண்ணத்தில் காவாவும் கூடவே பேரீச்சம்பழமும் கொடுப்பார். ஹார்லியின் பெட்டியால் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் நான் பயந்துவிட்டேன். ஹேண்டில்பார், கண்ணாடி, என் முழங்கால் எல்லாம் ஆடுகிறது. 1690 சிசியில் இரண்டே சிலிண்டர், 45 டிகிரி 'வி' வடிவம். இரண்டு பிஸ்டனும் கிராங்கில் ஒரே பின்னில் மாட்டியிருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வராது. அந்த நொண்டித் தாளம்தான் ஹார்லி சத்தம். ஆனால் இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேகம் எடுத்ததும் ஆட்டமெல்லாம் அடங்கி, மிருதங்கம் மாதிரி ஒரு துடிப்பு மட்டும் மிச்சம். அது எனக்குப் பிடித்துப் போனது. கோல்டுவிங்கில் தூங்கினவன் இதில் முழித்திருந்தேன்.

சோஹார் ரோடு கடலோரச் சமவெளி, சுமார் 200 கிலோமீட்டர். முன் காற்றுத் தடுப்பு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் ரகம். லாரி தாண்டும்போதெல்லாம் காற்று அதைப் பிடித்து அசைக்க, பெரியவர் தோள் இறுகுவது பின்னால் எனக்குத் தெரிந்தது. சூடும் உண்டு. காற்றால் குளிரும் இன்ஜின், அதில் பின் சிலிண்டர் நம் தொடைக்குப் பக்கத்தில். சூடு ஏறிய நேரத்தில் சிக்னலில் நின்றால் பின் சிலிண்டரை வண்டியே அணைத்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. சத்தம் திடீரென்று 'டொக்... டொக்...' என்று மாறியதும் வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பெரியவர் சிரித்தார்.

இந்தப் பெயரில் இருக்கும் 'எலெக்ட்ரா' என்ன என்றால், 1965இல் ஹார்லியின் பெரிய வண்டிக்கு முதல்முறையாக எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததன் நினைவு. அவ்வளவு பெரிய இன்ஜினை அதுவரை காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள்!

மூன்றாவது வாரம்: கே 1600, சூர்

சேட்டனின் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவர் சொன்ன ஒரே அறிவுரை: "மோனே, பிடிச்சுக்கோ."

1649 சிசி, இதிலும் ஆறு சிலிண்டர்தான். ஆனால் வரிசையாக நிற்கிறது, முன்பக்கமாக 55 டிகிரி சாய்ந்து. 160 குதிரைத்திறன். கோல்டுவிங்கும் ஹார்லியும் பஸ் என்றால் இது விமானம். கையை முறுக்கினால் சாய்மானத்தில் ஒட்டிக்கொள்வேன். விட்டால் என் ஹெல்மெட் சேட்டன் ஹெல்மெட்டில் 'டொக்'. குரியாத் தாண்டி வளைவுகளில் வண்டி சாயும்போது பயமே இல்லை என்பதுதான் ஆச்சரியம். பிரேக் அடித்தாலும் முன்பக்கம் குப்புற இறங்குவதில்லை. முன் சஸ்பென்ஷன் அமைப்பே வேறு. இருட்டியபின் திரும்பி வரும்போது இன்னொரு அதிசயம்... வண்டி சாய்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் தானாக வளைவுக்குள் திரும்புகிறது.

கண்ணாடியை பட்டனால் ஏற்றி இறக்கலாம். ஏற்றினால் காற்றே இல்லை. பின் சீட்டுக்கென்று தனியாக ஹீட்டர் சுவிட்ச். ஆமாம், மஸ்கட்டில் ஹீட்டர்! தெரியாமல் அதை அமுக்கிவிட்டு, பத்து நிமிஷம் என்னவோ ஏதோ என்று நெளிந்தேன்.

கணக்கு தீர்ந்தது. சீட்டுக்குக் கோல்டுவிங், வேகத்துக்கும் வளைவுக்கும் பிஎம்டபிள்யூ, மனசுக்கு ஹார்லி. ஐம்பதுக்குக் கூட்டினால் கோல்டுவிங் 43, பிஎம்டபிள்யூ 41, ஹார்லி 34. அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நோட்டை மாமாவிடம் நீட்டினேன். அவர் வாங்கி அப்படியே அத்தை பக்கம் தள்ளினார்.

"பாரு. உன் வெயிட்டுதான் அவனும். 68 கிலோ. எது வசதின்னு எழுதிருக்கான். நீ எது சொல்லுதியோ அத வாங்கிருவோம். இத வித்துட்டுக்கூட."

அப்போதுதான் புரிந்தது. நான் விருந்தாளி இல்லை. கார் கம்பெனிகளில் இடித்துப் பார்ப்பதற்கு உட்கார வைப்பார்களே, அந்தப் பொம்மை.

மூன்று வருஷமாக அத்தை அந்தப் பைக்கில் ஏறவில்லை. அத்தைக்குக் கணுக்கால் உடைந்து பிளேட் வைத்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருக்கிறார்கள். வண்டி ஓடவில்லை, வேகம் பூஜ்யம். தரையில் கொட்டிக் கிடந்த டீசலில் மாமாவின் இடது கால் வழுக்கியது. அவ்வளவுதான். வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்ந்து அத்தை காலின் மேல்.

அத்தை என் நோட்டை முழுசாகப் படித்தார். கட்டம் கட்டமாக. பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எய்யா, நல்லா எழுதிருக்க. ஆனா இதெல்லாம் ஓடும்போது உள்ள வசதி. ஓடும்போது நான் என்னைக்குப் பயந்தேன்? நிக்கும்போதுல்லா எனக்குப் பயம்."

மாமா ஒன்றும் பேசவில்லை. மூன்று வருஷமாக அவர் கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். வண்டி 400 கிலோவுக்கு மேல். மாமா 80, அத்தை 68, பெட்டியில் சாமான். 560 கிலோ வருகிறது. நேராக நிற்கும்வரை அந்தக் கனம் முழுவதும் டயரில்தான். 5 டிகிரி சாய்ந்தால் காலால் தாங்கலாம். 15 டிகிரி சாய்ந்தால் சாய்க்கும் விசை மூன்று மடங்கு. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் பயில்வானாலும் பிடிக்க முடியாது. ஓடும்போது சக்கரங்களே பார்த்துக்கொள்கின்றன. நின்றதும் எல்லாம் ஒரு மனுஷனின் இடது காலுக்கு வந்துவிடுகிறது.

டேங்கைச் சீட்டுக்கு அடியில் வைத்தது, சிலிண்டரைப் படுக்க வைத்தது, ரிவர்ஸ் கொடுத்தது எல்லாவற்றுக்கும் அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. நான் கோணங்கித்தனம் என்று எழுதியதெல்லாம் இந்தக் கனத்தோடு போட்ட சண்டை. 2018இல் வந்த புதிய கோல்டுவிங்கில் சுமார் 40 கிலோ குறைத்ததும் அதற்குத்தான் உதவும். என் நோட்டில் ஐந்து கட்டம் இருந்தது. 'நிற்கும்போது' என்று ஒரு கட்டம் இல்லை. 'பயம்' என்ற கட்டத்தில்கூட ஓடும்போது வந்த பயத்தை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

தீர்வு ஒன்றும் பெரிதாக இல்லை. பைக் மாற்றவும் இல்லை. அத்தை ஒரு சட்டம் போட்டார். மாமா இரண்டு காலையும் ஊன்றி, "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் ஏறுவது. பங்க், பார்க்கிங், மணல், சரிவு என்றால் முன்னாடியே சமதளத்தில் இறங்கி நடந்து வருவது. செலவு பூஜ்யம். மூன்று வருஷம் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் குற்ற உணர்ச்சியில் பேசவில்லை. அவர் வருத்தப்படுவாரே என்று இவரும் பேசவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர்கள் நிஸ்வா போனார்கள். நான் சேட்டன் பின்னால். வழியில் பெட்ரோல் போட வேண்டியிருந்தது. பங்குக்கு இருபது அடி முன்னால் மாமா நிறுத்தினார். "ஆச்சு." அத்தை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மெதுவாக நடந்து உள்ளே போனார். லேசாக விந்தி விந்தித்தான் நடந்தார். மாமா பெட்ரோல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தார். பங்க் பையன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

2025 மார்ச்சில் கோல்டுவிங்கை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்கள். மாமாவால் பைக் இல்லாமல் இருக்க முடியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 பார்க்கப் போனோம். 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன். கடைப் பையன் மைலேஜ், கலர், இஎம்ஐ என்று அடுக்கிக்கொண்டே போனான். அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தன கிலோ தம்பி?"

"241 கிலோ மேடம்."

அத்தை மாமாவின் இடது காலைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.